மலையகத்துப் பழைய வீட்டைப் பழைய சாமானைக் கொண்டே புதுப்பிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தியத்தலாவைப் பக்கம், ரெயில் பாதைக்கு மேலே, எண்பது வயதைத் தாண்டிய ஒரு கருங்கல் வீடு எங்களுடையது. தகரக் கூரை, பலகைத் தரை, இரண்டு கணப்படுப்பு, முன்னால் கண்ணாடி போட்ட இஸ்தோப்பு. வாங்கும்போது கூரை ஒழுகியது, குசினிச் சுவரில் பாசி படிந்திருந்தது, கரன்ட் வயரை எலி கடித்து வைத்திருந்தது. கூடியவரை பழைய சாமானைக் கொண்டே, கரன்ட்டும் விறகும் குறைவாகச் செலவாகும்படி அதைத் திருத்தி எடுக்க இரண்டரை வருஷம் போனது. அதற்கப்புறம் தோட்டத்து நண்பர்கள், கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், கனடாவிலிருந்து போன் எடுக்கிற மச்சான்மார் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது லேசு இல்லையா?

லேசுதான், மேசன் பாஸுக்கு. புது வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லிவிடலாம். பழைய வீட்டில் ஒரு பலகையைக் கழற்றினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதனால் விலை சொல்ல அவருக்குப் பயம், "இடிச்சிடுங்க சேர்" என்று சொல்லிவிடுகிறார்.

ஒன்றரை அடி தடிப்பான கருங்கல் சுவரை இடித்தால் அந்தக் கல்லை லொறியில் இறக்க வேண்டும். அப்புறம் சிமெந்துக் கல்லையும் கம்பியையும் அதே கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற வேண்டும். சிமெந்தின் மூலப்பொருளான கிளிங்கர் ஒரு தொன் சுட்டெடுத்தால் ஏறத்தாழ 0.8 முதல் 0.9 தொன் காபனீரொட்சைட்டு வெளியே போகிறது. நிற்கிற சுவருக்கு அந்தக் கடன் எதுவும் கிடையாது.

இடிக்கத்தான் வேண்டும் என்ற வீடுகளும் உண்டு. அத்திவாரம் இறங்கியிருந்தாலோ, வீட்டின் கீழே மண்ணே நகர்ந்துகொண்டிருந்தாலோ பாசம் பார்க்கக் கூடாது. சுவரில் விரிசல் இருந்தால் அதற்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்தும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், நின்றுவிட்டது. உடைந்திருந்தால் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள், பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. மலையில் வீட்டை அழிப்பது வயது அல்ல, தண்ணீர். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், எல்லாரும் தலையாட்டிவிட்டு முதலில் போய்க் குளியலறை டைல்ஸ் பார்க்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு இரவில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர், அதாவது பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று நிறைய. பீலி உடைந்து கிடந்தால் அத்தனையும் சுவரின் காலடியில் விழுகிறது. எங்கள் குசினிச் சுவரின் பாசிக்கு இரண்டு பேர் இரண்டு விதமான மருந்து சொன்னார்கள். கடைசியில் காரணம், கூரையோரம் துருப்பிடித்துப் போன ஆறடிப் பீலி.

ஆகவே வரிசை இது: முதலில் கூரைத் தகரமும் ஆணியும், பிறகு பீலி, பிறகு பீலித் தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோகும் கான். அதற்கப்புறம் வீட்டைச் சுற்றி நடந்து மண் மட்டத்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் பூப்பாத்தி போட்டுப் போட்டே மண் உயர்ந்து, பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போகிற சின்னத் துவாரங்களை மூடியிருக்கும். எங்கள் வீட்டில் ஒன்பது துவாரங்களில் ஏழு மண்ணுக்குள். தோண்டித் திறந்தோம். அடுத்த வருஷம் தரைப்பலகையில் இருந்த புளித்த வாடை தானாகவே போனது, ஒரு பலகையும் மாற்றவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் அது தனிப் பாடம். இடம் போதவில்லை என்று மேட்டை நேராக வெட்டாதீர்கள். மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி, மேலிருந்து வரும் மழைத்தண்ணீரை ஓரமாகத் திருப்பி, ஏற்கனவே இருக்கிற ஓடைக்குக் கொண்டுபோய் விடுங்கள். தாங்கு சுவர் கட்டினால் அதில் தண்ணீர் வெளியேறத் துளைகளும், பின்னால் சல்லியும் வேண்டும். துளை இல்லாத சுவர், தண்ணீரைத் தேக்கி வைத்துத் தானே தள்ளுண்டு விழும். கழிவுக் குழியை வீட்டுக்கு மேல்பக்கச் சரிவில் போடாதீர்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் இடமிடமாகச் சரிந்ததையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலத்தில் புது வெடிப்பு, மரங்களும் வேலித்தூண்களும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்றுத் திடீரென்று கலங்குதல் அல்லது நின்றுபோதல்: இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு முதலில் ஆட்களை வெளியே எடுங்கள்.

அனுமதி ஏதும் வேண்டுமா?

பெயின்ட் அடிக்க, கதவு மாற்ற வேண்டாம். அறை கூட்டுவது, கூரையின் வடிவத்தை மாற்றுவது, நிலம் வெட்டுவது என்றால் பிரதேச சபை அல்லது மாநகர சபை அனுமதி வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை போன்ற மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேட்பார்கள். அதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். உங்கள் நிலத்தை, சரிவு தெரிந்த ஒருவர் வந்து பார்க்கிற சந்தர்ப்பம் அது.

"பழைய வீடு, தொல்பொருள் சட்டம் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் பற்றியது. கோப்பியும் தேயிலையும் வந்த பிறகு எழுந்த நம் பங்களாக்கள் அதற்குப் பிந்தியவை. தோட்டத்துக்குள் இருக்கிற உத்தியோகத்தர் வீடு என்றால் கதை வேறு. 1992க்குப் பிறகு தோட்டங்கள் கம்பனிகளின் கையில். நீங்கள் இருப்பது அவர்களுடைய வீடு. ஒரு ஆணி அடிக்கும் முன்னும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சுவர் ஈரமாக இருக்கிறது. நல்லாச் சிமெந்து பூசினால் நின்றுவிடாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மேற்குப் பக்கத்து அறையில் உள்சுவர் முழுக்கச் சிமெந்து பூசினேன், அதன்மேல் ஈரம் தடுக்கும் பெயின்டும் அடித்தேன். ஆறு மாதம் பளபளவென்று இருந்தது. ஏழாவது மாதம் வெள்ளை உப்புப் பூத்தது, பெயின்ட் கொப்பளித்தது, ஈரம் மூன்றடி உயரத்திலிருந்து ஐந்தடிக்கு ஏறியது. அது முழுக்க முழுக்க என் புத்தியின் வேலை, பாஸ் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

நடந்தது இதுதான். பழைய கல்சுவரைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருந்தார்கள். கல் வழியாக ஈரம் போகாது. நடுவில் இருக்கிற சுண்ணாம்புதான் மழையில் கொஞ்சம் ஈரத்தை வாங்கி, வெயிலில் திருப்பிக் கொடுக்கும். அதன்மேல் சிமெந்தைப் பூசினால் கொடுக்கிற வழி அடைபட்டுப் போகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மேலே ஏறிப் போகிறது. நான் பூசியதையெல்லாம் உளி வைத்துக் கொத்தி எடுக்க, பூசியதைவிட இரண்டு மடங்கு நாள் ஆனது.

கல் இடுக்குகளுக்கும் இதே விதிதான். பழைய சாந்து உதிர்ந்த இடத்தில் சிமெந்தை அப்பாதீர்கள், சுண்ணாம்பையே வையுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

குறைவு. ஆனால் மருந்து தயாரிப்பது போன்ற இரகசியம் அதில் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்பு கடைகளில் கிடைக்கிறது. பவளக்கல் சுட்ட சுண்ணாம்பு என்று யாராவது தந்தால் வாங்காதீர்கள். கடலில் பவளக்கல் உடைப்பது சட்டப்படி தடை.

சுட்ட கல்லாக வாங்கினால் தண்ணீருக்குள் கல்லைப் போட வேண்டும், கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீர்கள். நீறியதைச் சலித்துத் தண்ணீருக்கடியில் சில கிழமைகள் ஊற வைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். பையில் வரும் தூள் சுண்ணாம்பையும் ஒரு நாள் முன்பே ஊற வைத்தால் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவின மணல். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூச வேண்டாம். பூசியதும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காய விடுங்கள். மேலே பால் பதத்தில் கரைத்த வெள்ளை நான்கைந்து தடவை.

காலம் பார்த்துத் தொடங்குவது முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா மேற்குச் சரிவில் மே மாதம் தென்மேல் பருவம் பிடித்துவிட்டால் சுண்ணாம்பு காயாது. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் முடியுங்கள், உறைபனி விழுகிற இரவுகளில் மட்டும் சுவரை மூடி வையுங்கள். ஊவாப் பக்கம் தலைகீழ். எங்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று அடிக்கும். ஆனால் அந்தக் காற்று பூச்சை ஒரே நாளில் உலர்த்தி வெடிக்க வைக்கும், ஆகவே சாக்கு நனைப்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும்.

பழைய சாமான் எங்கே கிடைக்கும்? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

வீடு இடிக்கிற இடங்கள், பெரிய ரோட்டோரத்துப் பழைய கதவு ஜன்னல் கடைகள், மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலைகளின் ஏலங்கள். தொழிற்சாலைதான் புதையல். கொழுந்து வாட்டுகிற மேல்மாடிகளின் பலகையும் உத்தரமும் வருஷக்கணக்காகச் சூடான காற்றில் காய்ந்தவை, இனி முறுக்க அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. முழுத் தொழிற்சாலையையே இடிக்காமல் பாவிக்கலாம் என்பதற்குக் கந்தப்பொளையில் உள்ள ஹெதர்செட் தொழிற்சாலை சாட்சி. 1990களில் அதை ஹோட்டலாக மாற்றியபோது கட்டடத்தின் தோற்றத்தையும் பழைய இயந்திரங்களில் சிலவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம் இன்று தேயிலை அருங்காட்சியகம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவை: கதவு ஏழு, கண்ணாடி ஜன்னல் பதினொன்று, இரும்புக் குளியல் தொட்டி ஒன்று, தேயிலைப் பெட்டிப் பலகை ஒரு லொறி. முதலில் கதவை வாங்குங்கள், பிறகு அந்த அளவுக்கு நிலையை வையுங்கள். நான் மாறிச் செய்து இரண்டு நல்ல முதிரைக் கதவின் அடியை அரிய வேண்டி வந்தது. இன்னும் மனசு கேட்கவில்லை.

பலகையைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி மெத்தென்று இறங்கினால் உக்கல். சின்னத் துளையும் அதிலிருந்து புதுத் தூளும் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மரத்தை லொறியில் ஏற்றும் முன் போக்குவரத்து அனுமதி பற்றிக் கிராம சேவகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விற்றவரின் பற்றுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

ரெயில் சிலிப்பர் கட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க அழகு, கல் மாதிரிக் கனம், எல்லாருக்கும் ஆசை. ஆனால் உக்காமல் இருக்கப் பல கட்டைகளுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது நஞ்சு. கருப்பாக, எண்ணெய் மணத்தோடு இருந்தால் வெளியே தோட்டப் படிக்குக்கூட யோசித்துத்தான் பாவிக்க வேண்டும். வீட்டுக்குள் சாப்பாட்டு மேசைக்கு வேண்டவே வேண்டாம், வெட்டின துண்டை அடுப்பிலும் போடாதீர்கள். ரெயில் இரும்பும் கட்டையும் அரசாங்கச் சொத்து என்பதால் ஏலச் சீட்டு இல்லாமல் விற்பவரிடம் வாங்குவது வம்பு.

பழையதாக வாங்கக் கூடாதவை: வயர், சுவிட்ச், காஸ் குழாய், பழைய டொய்லட் சிஸ்டர்ன். கடைசியில் சொன்னது ஒரு தடவைக்கு 9 லீற்றருக்கு மேல் விடும். இப்போது வருகிற இரட்டைப் பொத்தான் சிஸ்டர்ன் 3 அல்லது 6 லீற்றரில் முடிக்கும்.

இன்னொருத்தர் வீட்டுக் கதவை வைப்பது தோஷம் என்று அம்மா சொல்கிறார்.

எங்கள் மாமியும் சொன்னார். கதவைக் கழுவி, மஞ்சள் பூசி, சாம்பிராணி காட்டித்தான் வைத்தோம். மரத்துக்கும் அந்தக் கழுவல் தேவைப்பட்டது, மாமிக்கும் நிம்மதி. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பில் நான்கு சின்ன வீடுகளை இணைத்துத் தனக்கு அமைத்துக்கொண்ட வீட்டில் செட்டிநாட்டுப் பழைய தூண்கள் நிற்கின்றன என்று அவரிடம் சொன்னேன். "அவுக பணக்காரவுக" என்றார்.

கூரையில் அஸ்பெஸ்டோஸ் தகடு இருக்கிறது. கழற்றிவிட்டு வேறு எங்காவது பாவிக்கலாமா?

பாவிக்கக் கூடாது. மறுபாவனை என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. இறுகின சிமெந்துக்குள் நார் அடங்கி இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடைக்கும்போது, அரியும்போது, பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் நோய் பல வருஷங்கள் கழித்துத்தான் தெரியவரும், புற்றுநோய் உட்பட.

நல்ல நிலையில் இருந்தால் தொடாமல் விடுங்கள். பாசியைப் பிரஷாலோ அழுத்தத் தண்ணீராலோ தேய்க்க வேண்டாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் நன்றாக நனைத்து, ஆணியை மெதுவாக எடுத்து, தகட்டை முழுசாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள். துணி முகமூடி போதாது, நுண்தூசிக்கான முகமூடி வேண்டும். குழந்தைகளை அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். உடைந்த தகட்டை வழியில் போட்டு மிதிக்கிற பழக்கம் நம் ஊர்களில் நிறைய இருக்கிறது. அதைவிட மோசமான இடம் அதற்கு இல்லை. எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள்.

பழைய பெயின்டும் இப்படித்தான். பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்த விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2013இல். அதற்கு முந்திய கதவு ஜன்னலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

வீடு ஐஸ் மாதிரி இருக்கிறது. ஹீட்டர் வாங்கலாமா?

முதலில் இருக்கிற சூடு எங்கே போகிறது என்று பாருங்கள். வெளியே 10 பாகை, உள்ளே 20 பாகை என்று வைப்போம். தகரக் கூரை, அதன் கீழே மெல்லிய பலகை சீலிங், பரப்பு 70 சதுர மீற்றர். அதன் வழியாக மட்டும் ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் வெளியே போகிறது. சாதாரண அறை ஹீட்டர் ஒன்றை இரவு முழுக்கக் கூரைக்கு மேலே வைத்து எரிப்பது மாதிரி. சீலிங்குக்கு மேலே இரண்டு அங்குலப் பஞ்சு விரித்தால் அது அரைக் கிலோவாட்டுக்குக் கீழே வரும்.

என்ன பஞ்சு? கார்மென்ட் வெட்டுத் துண்டும் தென்னந்தும்பும் இங்கே மலிவு, இரண்டையும் பாவித்தேன். பருத்தித் துண்டை மட்டும் பொறுக்கி, போராக்ஸ் கரைசலில் நனைத்து நன்றாகக் காய வைத்தால் தீயும் லேசில் பிடிக்காது, பூச்சியும் அண்டாது. பொலியெஸ்டர் உருகி எரியும், விலக்குங்கள். புகைபோக்கியைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்கு இவற்றை வைக்கவே கூடாது. அந்த இடத்துக்குக் கடையில் எரியாத கண்ணாடிப் பஞ்சு வாங்கினேன். எல்லாம் பழையதாகவே இருக்க வேண்டும் என்ற வைராக்கியத்தை நெருப்புப் பக்கத்தில் வைக்கக் கூடாது. உமி கொட்டலாமா என்று நுவரெலியாவிலிருந்து ஒருவர் கேட்டார். எலி குடித்தனம் நடத்தும், தீப்பிடித்தால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். நான் போட மாட்டேன்.

பஞ்சைத் தகரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். இரவில் தகரம் குளிர்ந்து அதன் அடியில் வேர்க்கும். அந்தத் தண்ணீர் பஞ்சில் சொட்டினால் போச்சு. நடுவில் காற்றோடும் இடைவெளியும், கூரை ஓரத்திலும் முகட்டிலும் வலை அடித்த துவாரமும் வேண்டும்.

அடுத்தது ஜன்னல். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் நாலுக்கு ஐந்தடி என்றால் அதே 10 பாகை வித்தியாசத்தில் ஏறத்தாழ 100 வாட் போகும். பழைய கடையில் அதே அளவுக்குக் கிட்ட வருகிற இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைத் தேடி, உள்பக்கமாக இரண்டு அங்குலம் தள்ளிப் பொருத்துங்கள். இழப்பு ஏறத்தாழப் பாதியாகும். பதினொரு ஜன்னல் வாங்கின கதை இதுதான், அவற்றில் ஆறு இரண்டாம் சட்டங்கள். அதற்கும் முடியாவிட்டால் தரைவரை தொங்குகிற தடித்த திரை, கதவடியில் மணல் திணித்த துணிப் பாம்பு. என் மனைவி தைத்த பாம்புக்கு மொத்தச் செலவு ஒரு பழைய காற்சட்டை.

கணப்படுப்பை மூடிவிடலாமா?

அழகுக்கு வைத்திருங்கள், ஆனால் அது சூடு தரும் என்று நம்பாதீர்கள். திறந்த கணப்படுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் அறைக்கு வரும். மிச்சம் புகைபோக்கி வழியாக இதல்கஸ்ஸின்னை ஊருக்குப் போகிறது. போகும்போது அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் குழிக்குள்ளேயே கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தினால் பாதிக்கு மேல் அறைக்குக் கிடைக்கும். நாங்கள் வைத்தது பழைய வார்ப்பிரும்பு அடுப்பு. வெடித்த தகட்டை வெல்டிங் செய்கிறேன் என்று ஒருவர் இன்னும் பெரிய வெடிப்பாக்கிவிட்டார், பிறகு அந்தத் தகடு மட்டும் புதிதாக வார்க்க வேண்டி வந்தது.

விறகு காய்ந்திருக்க வேண்டும். கிரவிலியா, டர்பன்டைன் மரக்கட்டைகளைப் பிளந்து, மழை படாமல், காற்றுப்படும்படி ஆறு மாதமாவது அடுக்கி வையுங்கள். பச்சை விறகில் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், புகைபோக்கியில் தாரும் படியும். அந்தத் தார்தான் ஒரு நாள் தீப்பிடிக்கும். வருஷம் ஒரு தடவை துப்புரவு செய்யுங்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற மிலாறுக் குச்சி சமையலுக்கு நல்லது, இரவு முழுக்க எரிய உதவாது.

இன்னொன்று, இது விளையாட்டில்லை: ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்த பிறகு, அறைக்குள் சட்டியில் கரி மூட்டிக் குளிர்காயாதீர்கள். காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை, தூங்கினவர் எழும்ப மாட்டார். அடுப்புள்ள அறையில் வெளிக்காற்று வர ஒரு துவாரத்தை எப்போதும் திறந்தே வையுங்கள்.

சுடுதண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?

100 லீற்றர் தண்ணீரை 16 பாகையிலிருந்து 45 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3.4 அலகு மின்சாரம் வேண்டும். ஒரு குடும்பத்துக்குத் தினமும் அப்படிப் போனால் மாதம் 100 அலகு. அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் ஏறுகிற கட்டண முறையில் இது பில்லை ஒரு படி மேலே தள்ளிவிடும்.

பழைய பங்களாக்களில் டோவர் அடுப்பு என்கிற இரும்பு விறகடுப்புக்குப் பின்னால் பொயிலர் இருக்கும். சமைக்கிற நெருப்பிலேயே குளிக்கத் தண்ணீரும் கொதிக்கும். அந்தக் காலத்துப் புத்தி. எங்கள் வீட்டிலும் அடையாளம் இருந்தது, செப்புக் குழாயை யாரோ முன்பே விற்றுவிட்டார்கள். மீண்டும் வைத்தோம். ஆவி வெளியேறத் திறந்த குழாய் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, மூடிய பொயிலர் வெடிகுண்டு. வெயில் நாளுக்குக் கூரையில் கண்ணாடிக் குழாய்ச் சூரிய ஹீட்டர். மூடுபனி நாளில் அது கைவிரிக்கும், அன்றைக்குக் குசினி அடுப்பு கைகொடுக்கும்.

சோலார் போடுவது மலையில் பிரயோசனமா?

ஊரைப் பொறுத்தது. தாழ்நாட்டில் 1 கிலோவாட் தகடு மாதம் 100 முதல் 120 அலகு தரும் என்று கணக்குப் போடுவார்கள். நுவரெலியா மூடுபனியில் அந்தக் கணக்கை வைத்துக் கடன் எடுக்காதீர்கள். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் பரவாயில்லை. தெற்குப் பார்த்த சரிவு நல்லது, நிழல் விழுகிற டர்பன்டைன் மரம் இருந்தால் பலன் பாதிதான்.

கூரைச் சட்டத்தை முதலில் பாருங்கள். ஒரு தகடு இருபது கிலோவுக்கு மேல். எண்பது வருஷக் கைமரத்தில் பத்துத் தகட்டை ஏற்றிவிட்டு அடுத்த வருஷம் தகரம் மாற்ற வேண்டும் என்று இறக்குவது இரட்டைச் செலவு. சோலார் தரும் மின்சாரத்தைப் பில்லில் கழித்துக்கொள்கிற முறை 2010 அளவிலேயே இங்கே வந்துவிட்டது, அதன்பின் விதிகளும் விலைகளும் பல தடவை மாறியுள்ளன. அன்றைய விலையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மின்சாரம் போனால் சாதாரணக் கூரை சோலாரும் நின்றுவிடும், பட்டரி இல்லாவிட்டால் இருட்டுத்தான். 2022இல் 13 மணி நேரம் கரன்ட் வெட்டினபோது சோலார் வைத்த பலருக்கு இது அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் சோலார் கடைசி வேலை. அதற்கு முன் 60 வாட் பல்ப் பன்னிரண்டையும் 9 வாட் எல்இடி ஆக்கினோம், வயரிங் முழுக்கப் புதிதாக இழுத்தோம், ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் வைத்தோம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி இங்கே பொல்லாதது.

கூரைத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பழைய ஈயப் பெயின்ட் அடித்த தகரம், அஸ்பெஸ்டோஸ் இரண்டிலிருந்தும் வேண்டாம். கழுவ, தோட்டத்துக்கு, டொய்லட்டுக்குத் தாராளமாகப் பாவியுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியே விடுகிற குழாயைப் பீலியோடு வையுங்கள்.

கடைசியில் இது மலிவா?

சாமான் மலிவு, கூலி கூட. பழைய கதவைச் சுரண்டி, ஆணி பிடுங்கி, பிணைச்சல் மாற்றித் தச்சு பாஸ் கொடுக்கும்போது புதுக் கதவின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். ஆனால் அந்தக் காசு மரக்கடைக்குப் போகாமல் ஊர் பாஸின் வீட்டுக்குப் போகிறது. காசு கொஞ்சமாக இருந்தால் பீலி, கான், சீலிங் பஞ்சு என்ற மூன்றோடு நிறுத்துங்கள். மற்றது எதுவும் அவசரமில்லை.

எங்களுக்கு பங்களா இல்லை, லயக் காம்பராதான். இதில் ஏதாவது உதவுமா?

நான் பிறந்ததும் அப்படியொரு காம்பராவில்தான். சுவரைத் தொடாமலே செய்யக்கூடியது மூன்று. ஒன்று, தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு சீலிங். தேயிலைப் பெட்டிப் பலகையோ பழைய ஒட்டுப்பலகையோ போதும், அடுப்புள்ள பக்கத்தில் மட்டும் போடாதீர்கள். விடியற்காலையில் முகத்தில் சொட்டுகிற தகர வேர்வை அதோடு நிற்கும். இரண்டு, 1980களில் இங்கேயே உருவான அனகி மண் அடுப்பு: ஒரே தீயில் இரண்டு சட்டி, விறகும் குறையும். அதற்குப் புகைபோக்கி கிடையாது என்பதால் மேலே புகை போக வழி வையுங்கள். மூன்று, காம்பராவுக்குப் பின்னால் போகிற கானை மழைக்கு முன் நீங்களே துப்புரவாக்குங்கள், அடுத்த காம்பராக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. கான் ஒருவர் வாசலில் அடைத்தால் தண்ணீர் பத்துக் காம்பராவுக்குள்ளும் வரும்.